இடம் மாற்றிய கொடி றோசா: வெட்டுவதும் வளைத்துக் கட்டுவதும்

வன்னியில் கொடி றோசாவைக் கிளப்பி வேறிடத்தில் வைக்க ஏற்ற காலம், பெருமழை ஓய்ந்தும் மண் ஈரம் காயாத மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான். கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கும் காணியில் வைத்தால், அறுபட்ட வேர் அழுகும். சித்திரைக்குப் பிறகென்றால் புதுவேர் பிடிக்குமுன் வெயிலும் சோளகம் எனும் தென்மேற்குக் காற்றும் கொடியைக் காயவைத்துவிடும்.

எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு பழைய குழியிலேயே தங்கிவிடும். மிஞ்சிய வேரால் முழுக்கொடியையும் தாங்க முடியாது. ஆகவே நட்ட அன்றே வெட்டுங்கள். காய்ந்தது, கறுத்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, பென்சிலைவிடத் தடித்த நல்ல தண்டுகள் 3 முதல் 5 வரை விடுங்கள். அவற்றின் நீளத்திலும் நுனியிலிருந்து மூன்றிலொரு பங்கைக் குறையுங்கள். பக்கக் கொப்புகளுக்கு 2 அல்லது 3 கண் (தளிர் வெடிக்கும் சிறு புடைப்பு) போதும்.

வெட்டு, கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சற்றுச் சரிவாக விழவேண்டும். வெட்டுமுகத்தின் நடு வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பாக இருந்தால் வெள்ளை தெரியும்வரை கீழே போங்கள். அந்தப் பழுப்பை விட்டால் நுனிக்கருகல் தண்டு வழியே அடிக்கு இறங்கும். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வரும் முளையை வெட்டாமல் பிய்த்தெடுங்கள், வெட்டினால் அடியிலிருக்கும் கண்கள் திரும்ப முளைக்கும்.

செடிறோசாவை வெட்டுவதுபோல முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டவே கூடாது. செடி இனத்திலிருந்து கொடியாகப் பிரிந்த வகைகள் அப்படி வெட்டினால் திரும்பச் செடியாகிவிடக்கூடும்.

கிழக்குப் பார்த்த சுவர் நல்லது. மேற்குச் சுவர் பின்னேர வெயிலில் தண்டைச் சுடும். சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒரு வரியாகக் கம்பி இழுங்கள். பந்தலென்றால் இரும்புக் குழாய் ஊன்றுவதே எங்கள் விருப்பம், மென்மரத் தடியைக் கறையான் விடாது.

நட்டவுடன் வளைக்க வேண்டாம். காற்றில் ஆடி வேர் அறாதபடி தளர்வாகக் கட்டினால் போதும். ஆறு, ஏழு கிழமையில் புதுத்தளிர் ஓடத் தொடங்கியதும் விசிறிபோல் விரித்து, பத்து நாளுக்கொரு முறை கொஞ்சங்கொஞ்சமாகப் படுக்கை நிலைக்குக் கொண்டுவாருங்கள். நேரே ஏறும் கொடியில் நுனிக்கண்தான் கீழ்க்கண்களை அடக்கிவைக்கும், பூவும் உச்சியில் மட்டுமே வரும். படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு கொப்பு வெடித்துப் பூக்கும். பழுப்பேறிய முதிர்ந்த தண்டு வளையாது, முறியும். அதை அதன் போக்கில் விட்டு, அடியிலிருந்து வரும் பச்சைத் தண்டை வளையுங்கள்.

கட்டுவதற்குப் பழஞ்சாரக் கிழிசல் அல்லது வாழைநாரை எட்டு வடிவில் சுற்றுங்கள். மெல்லிய கம்பி, தண்டு தடிக்கும்போது பட்டையை அறுத்துவிடும்.

முதல் மூன்று மாதம் வரும் மொட்டைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் அந்தப் பலம் வேருக்குப் போகவேண்டும். தளிர் ஓடும்வரை யூரியா போடாதீர்கள். வைக்கோல் மூடாக்கு தண்டிலிருந்து அரையடி தள்ளியே இருக்கட்டும், ஒட்டிக் கிடந்தால் கறையான் பட்டைக்கு ஏறும். ஆடு நுழையாமல் அடைப்பும் வேண்டும். ஒரு காலையில் அத்தனை தளிரையும் கடித்துவிடும்.

அடுத்த தை மாதத்தில் நெடுந்தண்டுகளைத் தொடாமல், பூத்து முடிந்த பக்கக் கொப்புகளை மட்டும் 2 அல்லது 3 கண்ணுக்குக் குறையுங்கள்.