சப்நெட் மாஸ்க்: அட்டவணையை மூடிவைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படிக்க உட்கார்ந்த பலர், ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் பாடம் வந்ததும் ஒரு பெரிய அட்டவணையை எடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் அந்த அட்டவணை கைகொடுக்காது. அதனால் முதலில் மாஸ்க் எதற்கு என்று புரிந்துகொள்வோம், கணக்கு அப்புறம்.

உங்கள் கணினி ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: போய்ச்சேர வேண்டிய முகவரி நம் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் ஏஆர்பி என்ற நெறிமுறை மூலம் அந்தக் கருவியின் மேக் முகவரியை (வன்பொருள் முகவரியை) கேட்டு வாங்கி நேராகக் கொடுத்துவிடும், வெளியே என்றால் வெளியுலகுக்கு வழியான கேட்வேயிடம் ஒப்படைத்துவிடும். இதைத் தீர்மானிக்கத்தான் மாஸ்க். ஐபி முகவரியின் 32 பிட்டில் எதுவரை நெட்வொர்க், எங்கிருந்து ஹோஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் உள்ள தனிக் கருவி) என்று கோடு போட்டுக் காட்டுவது அது. 1 வரும் இடமெல்லாம் நெட்வொர்க், 0 வரும் இடமெல்லாம் ஹோஸ்ட், நடுவில் கலந்து வராது. இதனால்தான் மாஸ்கின் ஒரு ஆக்டெட்டில் (புள்ளியால் பிரித்த 8 பிட் பகுதியில்) 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 தவிர வேறு எண்ணைப் பார்க்க மாட்டீர்கள்.

சரி, 192.168.10.77/27 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

/27 என்றால் முதல் 27 பிட் நெட்வொர்க்குக்கு. முதலில் அதை மாஸ்காக மாற்றுங்கள். மூன்று ஆக்டெட்டுக்கு 24 பிட் போய்விட்டது, மீதி 3. நான்காவது ஆக்டெட்டில் முதல் மூன்று பிட்டின் மதிப்பு 128, 64, 32, கூட்டினால் 224. ஆக மாஸ்க் 255.255.255.224.

அடுத்து 256-இலிருந்து அந்த 224-ஐக் கழியுங்கள். 32 வரும். இதுதான் பிளாக் சைஸ், அதாவது ஒரு நெட்வொர்க் தொடங்கும் இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடம்வரை உள்ள இடைவெளி. எனக்குத் தெரிந்து சப்நெட் கணக்கில் இதைவிடப் பயனுள்ள ஒரு எண் கிடையாது.

இப்போது 0, 32, 64, 96 என்று தாண்டிக்கொண்டே போங்கள். 77 விழுவது 64-க்கும் 96-க்கும் நடுவில். எனவே நெட்வொர்க் முகவரி 192.168.10.64, அடுத்த நெட்வொர்க் 96-இல் தொடங்குவதால் அதற்கு ஒன்று முந்தைய 95 பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும் முகவரி), இடையில் உள்ள 65 முதல் 94 வரை 30 முகவரிகளை ஹோஸ்டுகளுக்குக் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் பைனரியில் ஒருமுறை பாருங்கள்: 77 என்பது 01001101, 224 என்பது 11100000, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 போட்டால் 01000000, அதாவது 64. கணினியும் இதைத்தான் செய்கிறது.

பலர் தடுமாறுவது மூன்றாவது ஆக்டெட்டில். 172.16.45.14/20-ஐ எடுங்கள். 16 பிட் போக மீதி 4, மாஸ்க் 255.255.240.0, பிளாக் சைஸ் 16. ஆனால் இந்த 16-ஐ மூன்றாவது ஆக்டெட்டில்தான் தாண்ட வேண்டும், நான்காவதில் இல்லை. 0, 16, 32, 48 என்று போனால் 45 இருப்பது 32-இல் தொடங்கும் பிளாக்கில். நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. ஹோஸ்ட் பிட் 12, ஆகவே 2-இன் 12-ஆம் அடுக்கான 4096-இல் நெட்வொர்க், பிராட்காஸ்ட் என்ற இரண்டைக் கழித்து 4094 முகவரி. மாஸ்கில் 255-ம் இல்லாமல் 0-ம் இல்லாமல் எந்த ஆக்டெட் நிற்கிறதோ, வேலை நடப்பது அங்கேதான். இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

அந்த இரண்டைக் கழிப்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: இரண்டு ரவுட்டர்களை நேராக இணைக்கும் பாயிண்ட் டு பாயிண்ட் இணைப்பில் /31 கொடுத்தால் இரண்டு முகவரியையுமே பயன்படுத்தலாம்.

தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது, விட்ட கேள்விக்குத் திரும்பி வரவும் முடியாது. அதனால் தினமும் பத்துக் கணக்கு, தாளில், கையால் எழுதிப் போடுங்கள்.

இன்றைக்கு ஒன்று போட்டுப் பாருங்கள்: 10.1.201.0/22 என்ற முகவரியை ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா? கடைசியில் 0 இருப்பதைப் பார்த்து முடியாது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூன்றாவது ஆக்டெட்டில் பிளாக் சைஸ் 4, நெட்வொர்க் 10.1.200.0, பிராட்காஸ்ட் 10.1.203.255. நம் முகவரி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம்.