விற்பனைப் பட்டியலின் முதலிடமும் தலைக்கனமும்: நிதித்துறை ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கி, காப்பீடு, பரஸ்பர நிதி ஆகியவற்றின் விற்பனைப் பிரிவில் நடக்கும் தவறுகளுக்குப் பேராசையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அருகிலிருந்து பார்த்தால், தலைக்கனத்துக்கும் அதற்கு நிகரான பங்கு இருப்பது தெரியும். மாலையில் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும் பட்டியல், அன்று யார் எத்தனை லாகின் (புதிய விண்ணப்பப் பதிவு) செய்தார் என்பதை மட்டுமே காட்டுகிறது. அப்படிப் பதிவான ஒரு காப்பீட்டுப் பாலிசிக்கு இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் வந்ததா என்பது பதின்மூன்றாம் மாதத்தில்தான் தெரியவரும். அதற்குள் விற்றவர் வேறு கிளைக்கோ வேறு நிறுவனத்துக்கோ போயிருப்பார். பாராட்டு உடனே கிடைத்து, விளைவு ஓராண்டு தள்ளி வருகிற ஏற்பாட்டில், ஒருவர் தம்மைத் தாமே தவறாக எடைபோட்டுக்கொள்வது எளிது.

சந்தையின் ஏற்றத்தையும் கிளையின் வசதியையும் தம் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்வது இப்படி நேரும் தவறுகளில் முதலாவது. 2020 மார்ச் 23 அன்று 7,610 புள்ளிகளில் முடிந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, 2021 அக்டோபரில் 18,000-ஐத் தாண்டியது. அந்த ஒன்றரை ஆண்டில் ஈக்விட்டி ஃபண்டு (பங்குகளில் முதலிடும் பரஸ்பர நிதி) விற்றவர் அனைவரும் மேதைகளாகவே தெரிந்தார்கள். ஓய்வூதியர்களின் வைப்புத்தொகை ஆண்டாண்டாகச் சேர்ந்திருக்கும் பழைய குடியிருப்புப் பகுதியின் கிளையில் இருப்பவரையும், புறநகரில் புதிதாகத் திறந்த கிளையில் இருப்பவரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துகிறார்கள். முன்னவரைக் கொண்டு பின்னவருக்கு விற்பனை பற்றி வகுப்பும் எடுக்க வைக்கிறார்கள்.

இதைவிடச் செலவு மிகுந்த தவறு, விற்பனை இலக்கை மேலாளர் கேட்கும் ரிவ்யூ அழைப்பில் கௌரவத்துக்காக ஓர் எண்ணை ஒப்புக்கொள்வது. பக்கத்துக் கிளைக்காரர் ஐந்து லட்சம் என்று சொன்னதைக் கேட்ட பிறகு மூன்று என்று சொல்ல நா எழாது. ஏழு என்று சொல்லிவிடுவோம். மாதத்தின் கடைசி இரண்டு நாட்களில் அந்த எண் கழுத்தை நெரிக்கும்போது, சிலர் மனைவியின் பெயரிலும் மைத்துனரின் பெயரிலும் தேவையற்ற பாலிசி எடுக்கிறார்கள். சிலர் வாடிக்கையாளரின் முதல் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள். பாலிசி எடுக்கத் தூண்டுவதற்காகக் கமிஷனிலோ பிரீமியத்திலோ தள்ளுபடி தருவதை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஊரறிந்த வழக்கமாகிவிட்டதால் பலருக்கு இது குற்றமாகவே படுவதில்லை. இன்சென்டிவாக (விற்பனைக்கான ஊக்கத்தொகையாக) வந்த பணம் இப்படியே திரும்பிப் போவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. செய்ய முடிந்த எண்ணை, அதற்கான காரணத்தோடு, முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிறவர் அன்று ஒரு வசவு வாங்கலாம். மார்ச் மாத இறுதியில் கடன் வாங்கமாட்டார்.

வாடிக்கையாளர் "வேண்டாம்" என்றால் அதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வது மற்றொன்று. வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்த முதியவரிடம், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பாலிசியை ஒரே தவணை என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது இந்த மனநிலையில்தான் நடக்கிறது. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அந்த நாட்கள் கழியும்வரை அவருடைய அழைப்பை எடுக்காமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். தாமே அவரை அழைத்து, நிபந்தனைகளை மறுபடி விளக்குபவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களின் பாலிசிகளே பதின்மூன்றாம் மாதத்தைத் தாண்டி நிற்கின்றன.

சக ஊழியர் கண்டுபிடித்த லீடை (வாங்கக்கூடிய வாடிக்கையாளரை) தம் பெயரில் போட்டுக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செய்தவர் பெயர் ஒரே வாரத்தில் கிளை முழுதும் பரவிவிடும். ஆவணங்களைச் சரிபார்க்கும் ஆப்பரேஷன்ஸ் ஊழியரை ஏளனமாக நடத்துவது, ஆளைப் பொறுத்தவரை அற்பத்தனம், தொழிலைப் பொறுத்தவரை முட்டாள்தனம்.

மேலாளர்களின் தலைக்கனம் இவை எல்லாவற்றையும் பெருக்கிவிடுகிறது. 2023 ஜூனில், ஒரு தனியார் வங்கியின் அதிகாரி இணையவழிக் கூட்டத்தில் தம் ஊழியர்களை நோக்கிக் கத்திய காணொளி பரவியது; வங்கி அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. அந்தக் குரல் அத்துறையில் இருப்பவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. அப்படிக் கத்துவதால் வரும் எண்கள் எத்தகையவை என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சாட்சி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுச் சேவைகள் என்ற இலக்கைத் துரத்திய ஊழியர்கள், வாடிக்கையாளர் அறியாமலேயே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. பழி முதலில் கீழ்மட்ட ஊழியர்கள்மேல் விழுந்தது. தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் அந்த ஆண்டு அக்டோபரில் பதவி விலகினார்; வங்கித் தொழிலில் ஈடுபட அவருக்குத் தடையும் 1.75 கோடி டாலர் அபராதமும் விதிக்கப்பட 2020 வரை ஆயிற்று. கிளை ஊழியருக்கோ வேலை எப்போதோ போயிருந்தது.

பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, தம் வாடிக்கையாளர்கள் தம்மோடு வந்துவிடுவார்கள் என்று நம்பி, அந்த நம்பிக்கையைக் காட்டியே கூடுதல் சம்பளத்துக்கு வேறு நிறுவனத்தில் சேர்வது. அந்த வாடிக்கையாளர்களில் பலர் நம்பியது வங்கியின் பெயரையும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளையையும் என்பது புதிய இடத்தின் முதல் காலாண்டில் தெரிந்துவிடும். அந்தப் பதற்றத்தில் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களைக் கைப்பேசியில் கொண்டுவந்து பயன்படுத்தினால், அது வழக்குவரை போகக்கூடும். இடம் மாறும் எண்ணம் இருப்பவர்கள், முந்தைய ஆண்டில் தாம் விற்றவற்றுள் எத்தனை புதுப்பிக்கப்பட்டன, வாங்கியவர்களில் எத்தனை பேர் தாமாகவே இன்னொருவரை அறிமுகம் செய்தார்கள் என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம். சம்பளப் பேச்சில் சொல்லத்தக்க எண்ணும் அதுதான்.