விதிநூல் பிடிஎஃபில் தேடலுக்குச் சிக்காத சொற்கள்

ஆங்கிலத்தில் வாங்கிய ஒரு மேசை விளையாட்டு விதிநூலின் பிடிஎஃபில் 'ஃபயர்பால்' (fireball) என்ற மந்திரத்தின் பெயரைத் தேடினால், அதன் தலைப்பு மட்டும் சிக்கியதே தவிர, விதிகளுக்கு நடுவே கண்ணெதிரே இருந்த அதே சொல் ஓரிடத்திலும் சிக்கவில்லை. கோப்பை மறுபடி இறக்கியதிலும் வேறு செயலிகளில் திறந்து பார்த்ததிலும் நாள்கள் வீணானதுதான் மிச்சம். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியபோது, சொல்லின் தொடக்கத்தில் வெற்றுக் கட்டம் ஒன்று நின்றது. சிறிய எஃப்பும் ஐயும் ஒட்டி ஒரே வடிவமாக அமைந்திருக்க, அது எந்த எழுத்துகளைக் குறிக்கிறது என்ற தகவல் கோப்பில் இல்லை. தலைப்பில் இருந்தது பெரிய எஃப் என்பதால் அது தப்பியது. படத்திலிருந்து எழுத்துகளை அறிந்து தரும் (ஓசிஆர்) ஓசிஆர்மைபிடிஎஃப் என்னும் இலவச மென்பொருளிடம் கோப்பைக் கொடுத்தால், அது பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருப்பதாகச் சொல்லி முதலில் மறுத்தது. ஃபோர்ஸ்-ஓசிஆர் என்ற தெரிவைச் சேர்த்ததும், பக்கங்களைப் படமாக்கி எழுத்துகளைப் புதிதாக அறிந்து தந்தது. கோப்பு பருத்துவிட்டது, தேடல் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது.