ஈரம் வாசலைத் தாண்டக் கூடாது: நெல்லை வீடுகளுக்கு ஒரு குப்பைச் செய்முறை

நெல்லை மாநகரக் குப்பை போய்ச் சேரும் ராமையன்பட்டிக் கிடங்கில் கோடையில் குப்பை தீப்பிடித்துப் புகைவதற்கு முக்கியக் காரணம் நம் அடுக்களையிலிருந்துதான் போகிறது. சோறும் காய்கறித் தோலும் கேரிபேக்கில் கட்டிப் போடப்பட்டு, காற்றில்லாமல் அழுகி, எரியக்கூடிய மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அந்த ஈரத்தை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மிச்சக் குப்பையைப் பிரிப்பது சுலபம்.

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு முக்கால் கிலோ அளவுக்கு ஈரக்குப்பை சேரும். மூடி போட்ட 50 லிட்டர் டிரம் இரண்டு வேண்டும். பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையும்படி இருபது துளையும், அடியில் ஐந்து துளையும் போட்டு, நாலு செங்கல் மேல் நிழலில் வையுங்கள். உள்ளே மூன்று அங்குலத்துக்குத் தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) பிய்த்துப் பரப்பி, அதன்மேல் ஒரு சட்டி பழைய உரமோ கரைத்த சாணமோ போடுங்கள்.

இனி தினமும் ஒரு கிண்ணம் ஈரக்குப்பைக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. வேம்பு, புங்கைச் சருகு நன்றாக மட்கும். வாழைச் சருகை நறுக்கித்தான் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பாய் விரித்ததுபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பால் அடிவரை கிளறுங்கள்.

ஈரப்பதம் சரியா என்று பார்க்கக் கையே போதும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் அதுதான் பதம். ஒழுகினால் சருகு சேருங்கள். பிடி நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சித்திரை வெயிலிலும், ஆனி ஆடி மேல்காற்றிலும் டிரம் சீக்கிரம் காய்ந்து எறும்பு ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் உள்ளே போகாத இடத்துக்கு மாற்றாவிட்டால் கூழாகிவிடும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். கிளறிவிட்டுச் சருகு போடுங்கள். மூக்கில் ஏறும் நெடி வந்தாலும் சருகு குறைவுதான். தடித்த பழுப்புப் புழுக்கள் தெரிந்தால் டிரம்மைக் கொட்டிவிட வேண்டாம். அவை கழிவைத் தின்று தீர்க்கும் புழுக்கள், கெடுதல் செய்யாது. அருவருப்பாக இருந்தால் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கும் சருகும் தூவினால் குறையும்.

நம்மூர் வீடுகளில் அதிகம் சொதப்புவது சொதி வைத்த நாளில்தான். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதை அப்படியே கொட்டினால் கட்டியாக இறுகிச் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மதியம் வெயிலில் உலர்த்தி, உதிர்த்துப் போடுங்கள். வறுத்துப் பொடியாக்கிச் சாப்பிடுவது அதைவிட நல்லது. மீன் கழிவையும் எலும்பையும் டிரம்மில் போடாதீர்கள், பூனையும் எலியும் வரும். தென்னங்கன்று மூட்டில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடலாம்.

மூன்று, நான்கு வாரத்தில் முதல் டிரம் நிரம்பும். அதை மூடி வைத்து இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டாவதும் நிரம்பும்போது முதலாவதைச் சாக்கில் மாற்றி இன்னும் மூன்று வாரம் விட்டால், மழை பெய்த மண் வாசத்தோடு கறுப்பு உரம் கிடைக்கும். சலித்த பின் மிஞ்சும் கதம்பையை அடுத்த டிரம்முக்கு அடியில் போடலாம்.

பால் கவரின் மூலையை வெட்டித் தனியே எறியாதீர்கள். அந்தத் துணுக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள், சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டித் தொங்கவிட்டு, கழுவிக் காயவைத்து, சேர்த்துப் பழைய பேப்பர் கடையில் போடுங்கள். அட்டை, பாட்டில், தகரம் எல்லாம் அங்கேயே போகும், நனையாமல் இருந்தால். சிப்ஸ் பாக்கெட்டில் பல அடுக்கு ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். அதை வாங்காமல் குறைப்பதுதான் வழி. கொல்லையில் பிளாஸ்டிக் கொளுத்தவே வேண்டாம், அந்தப் புகையில் டையாக்சின் என்ற நச்சு உண்டு.

ஊசி, உடைந்த பல்பு, காலாவதி மாத்திரை ஆகியவற்றை மூடியுள்ள டப்பாவில் போட்டு, மேலே எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புக் குறி இடுங்கள். பிரிப்பவர் வெறுங்கையால் தொட்டுவிடாமல் இருக்க அது ஒன்றுதான் காப்பு.

அல்வா வாங்கப் போகும்போது ஒரு சம்புடத்தை எடுத்துப் போங்கள். நெய் ஊறிய தாள் காகிதக் கூழுக்கும் ஆகாது. மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசியதாக இருந்தால் டிரம்மில் மட்கவும் மட்காது. கடைக்காரரிடம் காலிச் சம்புடத்தை முதலில் நிறுத்துவிட்டு அதன்பின் போடச் சொன்னால் எடையிலும் குழப்பம் வராது.