அமெரிக்காவில் கரண்ட் வைக்கும் மிஷின்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்து புதிதாக அமெரிக்கா வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடுப்பு வலி, முட்டி வலி என்றால் ஊரில் பிசியோவிடம் போவோம், கரண்ட் வைப்பார்கள், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். மிஷினே வேண்டுமென்றால் சர்ஜிக்கல் கடையில் விலை கேட்டு வாங்கிவிடலாம். இங்கே டாக்டர், பிசியோ, இன்சூரன்ஸ், மிஷின் கொடுக்கும் கம்பெனி எல்லாம் தனித்தனி, பில்லும் தனித்தனியாகத்தான் வரும்.

முதலில் இன்சூரன்ஸ் கார்டு, பிளானில் உள்ள, அதாவது இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் டாக்டர், கேட்டால் ரெஃபரல் (டாக்டரின் பரிந்துரைச் சீட்டு), அப்புறம் பிசியோ. இதை ஆபீஸிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது மிஷின் விஷயம்.

என் ஆம்பூர் நண்பர் இடுப்பு வலிக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். கிளினிக் அவருடைய பிளானுக்குள் இருந்தது, அதில் குறையில்லை. ஒருநாள் கிளம்பும் நேரத்தில் ஒருவர் சின்ன ஜிப் பையை நீட்டி, "வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பைக்குள் டென்ஸ் (TENS) என்கிற, வலிக்குக் கரண்ட் வைக்கும் சின்ன மிஷின், ஒயர்கள், 9 வோல்ட் பேட்டரி, ஒட்டும் பேடுகள். அப்புறம் மாதாமாதம் கேட்காமலே பேடு பார்சல் வர ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் பில் வந்தது. மிஷினுக்கு வாடகை, பேடுக்குத் தனிக்கணக்கு, எல்லாம் சேர்த்துப் பல நூறு டாலர். மிஷின் கொடுத்த கம்பெனி பிளானுக்கு வெளியே இருந்திருக்கிறது, டிடக்டிபிளும், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகையும், முடியவில்லை. இன்சூரன்ஸ் கொடுக்காததை நானே கட்டுகிறேன் என்ற வரி அவர் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே இருந்தது. வலியோடு நிற்கிற மனுஷனிடம் அதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் வீட்டுக்குப் போதுமான டென்ஸ் மிஷின் இங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே 30, 50 டாலருக்குக் கிடைக்கிறது.

அதனால் யார் மிஷினை நீட்டினாலும் முதலில் வாடகையா, விலைக்கா என்று கேளுங்கள். கம்பெனி பெயரை வாங்கி, இன்சூரன்ஸுக்கு நீங்களே போன் போட்டு, அந்தக் கம்பெனி பிளானுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு ஒயர் டென்ஸுக்கு பில்லிங் கோடு ஈ0730, மாதாந்திர பேடுகளுக்கு ஏ4595. இந்தக் கோடு நம்பரைச் சொல்லிக் கேட்டால் மழுப்ப மாட்டார்கள். இன்சூரன்ஸ் கண்டிப்பாகக் கொடுக்கும் என்ற பேச்சை நம்பாதீர்கள், நாள்பட்ட இடுப்பு வலிக்கான டென்ஸுக்கு, முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரே 2012-ல் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

நீங்களே வாங்குவதானால், வலிக்கு டென்ஸ், தசை பலவீனத்துக்கு இஎம்எஸ், இரண்டும் வேறு. பெட்டியில் எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) ரெஜிஸ்டர்ட் என்றிருந்தால் போதாது, கிளியர்டு என்று இருக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் ஒதுக்கும் எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ கணக்குப் பணத்திலும் வாங்கலாம். ஒயர் முனை 2 மில்லிமீட்டர் பின்னாக இருந்தால், அந்தப் பின் செருகும் வகை பேடு எந்தக் கம்பெனியுடையதானாலும் பொருந்தும்.

அம்மா அப்பா ஆறு மாதம் தங்க வந்தால் குளிரில் முட்டி பிடித்துக்கொள்ளும், "கரண்ட் வைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். விசிட்டர் இன்சூரன்ஸ் பழைய முட்டி வலிக்குப் பெரும்பாலும் கொடுக்காது, நேராகக் கடையில் வாங்கிவிடுங்கள். ஆனால் பேஸ்மேக்கர் இருந்தால் தொடவே கூடாது, யாருக்கும் கழுத்தின் முன்பக்கம் ஒட்டக்கூடாது. வேலூர் பாகாயத்தில் 1966-ல் தொடங்கிய சிஎம்சி ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையத்தை, தானே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு உருவாக்கினார் டாக்டர் மேரி வர்கீஸ். அந்த ஊரிலிருந்து வந்த நமக்கு, பேடை எங்கே ஒட்டுவது என்று ஆள் பக்கத்தில் நின்று காட்டித்தான் பழக்கம். இங்கேயும் பிசியோவிடம் ஒருமுறை கேட்டு, ஒட்டிய இடத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பார்சல் வர ஆரம்பித்துவிட்டதா? அடுத்ததைப் பிரிக்காதீர்கள். நிறுத்தச் சொல்லி இமெயிலில் எழுதுங்கள், போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். மிஷினைத் திருப்பி அனுப்பினால் டிராக்கிங் ரசீதை கடைசி பில் தீரும்வரை பத்திரமாக வையுங்கள்.