பெயரில்லாத பழைய போர்க்கப்பல் படமா? இப்படிப் பாருங்கள்

1890 முதல் 1905 வரை கட்டிய எஃகுப் போர்க்கப்பல்கள் முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு வரிசை வைத்துக்கொண்டு பார்த்தால் நாட்டையும் காலத்தையும் பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஆரம்பத்தில் கப்பலின் பக்கவாட்டுத் தோற்றம் முழுசாகத் தெரியும் படமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பெரிய பீரங்கிகளை எண்ணுங்கள்

எல்லோரும் புகைபோக்கியில்தான் தொடங்குவார்கள். அது வேண்டாம், காரணம் மூன்றாம் படியில். முன்னால் ஒரு சுழல் மேடை, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு தடித்த குழல்கள் என்றால் நாம் தேடும் காலம்தான். ஜப்பானின் மிகாசா இதற்கு நல்ல மாதிரி: இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் கட்டி 1900-ல் நீரில் இறக்கிய கப்பல், நான்கு 12 அங்குல பீரங்கிகள்.

நடுப்பகுதியிலும் அதே தடிமனில் குழல்கள் தெரிகின்றனவா? அப்படியானால் அது பெரும்பாலும் 1906-ல் வந்த பிரிட்டனின் டிரெட்நாட்டோ, அதற்குப் பிந்தியதோ. டிரெட்நாட்டில் 12 அங்குல பீரங்கிகள் மட்டும் பத்து. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் வகை போல விதிவிலக்குகளும் உண்டு.

படி 2: பக்கச் சுவரைப் பாருங்கள்

சதுரத் துளைகளில் சின்ன பீரங்கிகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். மிகாசாவில் பக்கத்துக்கு ஏழு, 6 அங்குல அளவில். கீழ் வரிசை நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கவனியுங்கள். அலை எழுந்தால் அந்தத் துளைகளில் தண்ணீர்தான் வரும், குறிபார்க்க முடியாது.

சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்தால் பிரெஞ்சுப் பாணி. ரஷ்யாவின் போரோடினோ வகையும் அதைத்தான் பின்பற்றியது. 1905 மே மாதம் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரில் அந்த வகைக் கப்பல்கள் நான்கு போரிட்டன. மூன்று மூழ்கின, நான்காவதான ஓரல் மறுநாள் சரணடைந்தது.

படி 3: இப்போது புகைபோக்கி

பிரிட்டனின் மெஜஸ்டிக் வகையில் இரண்டு புகைபோக்கிகளும் அக்கம்பக்கமாக நிற்கும். பக்கவாட்டுப் படத்தில் ஒன்றுதான் தெரியும். வேண்டுமென்றே ஏமாற்றியவர்களும் உண்டு. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாகப் போலி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல வேடம் போட்டு, அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

படி 4: முன்முனை

நீர்மட்டத்தில் முன்முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எதிரிக் கப்பலை முட்டி மூழ்கடிக்க வைத்தது அது. 1866-ல் லிஸ்ஸா போரில் ஆஸ்திரியர்கள் இத்தாலியக் கப்பல் ஒன்றை அப்படி மூழ்கடித்ததும் எல்லா நாடுகளுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

அது வாங்கிய பலியைப் பாருங்கள். 1893 ஜூன் 22, லெபனானின் திரிப்போலிக்கு அருகே, பிரிட்டிஷ் கடற்படையின் சாதாரணப் பயிற்சி. இரண்டு வரிசையாகப் போன கப்பல்களை உள்பக்கமாகத் திரும்பச் சொன்னார் அட்மிரல் டிரயான். வரிசைகளுக்கு நடுவே அதற்கு இடம் போதாது. உடனிருந்த அதிகாரிகள் தயங்கியும் உத்தரவு மாறவில்லை. கேம்பர்டவுன் என்ற கப்பலின் முன்முனை, டிரயான் இருந்த விக்டோரியா கப்பலின் பக்கத்தில் பாய்ந்தது. கால் மணி நேரத்துக்குள் விக்டோரியா கவிழ்ந்து மூழ்கியது. டிரயான் உட்பட 358 பேர் இறந்தார்கள். அதே கப்பலில் காய்ச்சலில் படுத்திருந்த ஜெல்லிகோ என்ற அதிகாரி பிழைத்தார். பிற்பாடு 1916-ல் ஜட்லாந்து கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படையை நடத்தியவர் அவர்தான். இத்தனைக்குப் பிறகும் அந்த முனையைப் பல ஆண்டுகள் விடவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

படி 5: நிறம்

கறுப்பு உடல், வெள்ளை மேற்கட்டு என்றால் பிரிட்டிஷ் கப்பலாக இருக்கலாம், அதுவும் 1903-க்கு முந்தியது. அப்புறம் அவர்கள் சாம்பலுக்கு மாறிவிட்டார்கள். சுஷிமாவில் ரஷ்யர்களுக்குக் கறுப்பு உடல், மஞ்சள் புகைபோக்கி. ஆனால் அந்தக் காலத்துப் படத் தகடுகளில் மஞ்சள் பெரும்பாலும் அடர்ந்தே விழும். நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

பயிற்சிக்கு மிகாசாவே போதும். ஜப்பானின் யோகோசுகாவில் இன்றும் நிற்கிறது, படங்களுக்குக் குறைவில்லை. ஒன்று மட்டும்: இன்று அதில் இருக்கும் பெரிய பீரங்கிகள் 1961-ல் புதுப்பித்தபோது வைத்த மாதிரிகள். நுணுக்கம் பார்க்க வேண்டுமென்றால் 1905-ஐ ஒட்டிய படங்களையே எடுங்கள்.