ஹார்லெம் கறுப்பின காமிக்ஸ் விழாவுக்கு முதல்முறை போகிறீர்களா? (தப்பான ரயிலில் ஏறியவரின் குறிப்புகள்)

நியூயார்க் ஹார்லெமில் உள்ள ஷாம்பர்க் மையத்தில் ஆண்டுதோறும் கறுப்பின காமிக்ஸ் விழா நடக்கிறது. பெயரில்தான் காமிக்ஸ். உள்ளே போனால் விண்கலம், காலப்பயணம், பேசும் எந்திரம், வேற்றுக்கிரகத்து ராணி என்று அறிவியல் புனைகதைச் சந்தை மாதிரி இருக்கும். எழுதியவரும் வரைந்தவருமே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்பார்கள். நியூஜெர்சியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு முதல்முறை போனபோது, நினைத்திருந்ததைவிட ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் முறை எல்லாம் சரியாக நடந்தது. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: தேதியும் பதிவும்

விழா 2013இல் தொடங்கியது. பல ஆண்டுகள் ஜனவரிக் குளிரில் நடந்து, பிறகு வசந்த காலத்துக்கு நகர்ந்தது. அதனால் பழைய பதிவுகளில் உள்ள மாதத்தை நம்பாமல் ஷாம்பர்க் மையத்தின் இணையதளத்தைப் பாருங்கள். இந்த மையம் நியூயார்க் பொது நூலகத்தின் ஒரு கிளை. அனுமதி இலவசம், முன்பதிவு செய்துவிடுங்கள். ஆனால் பதிவு செய்ததாலேயே அரங்கில் இருக்கை உறுதி என்று நினைக்காதீர்கள். முன்னால் வந்தவருக்கு முன்னால் இடம், அவ்வளவுதான்.

படி 2: போகும் முன் கொஞ்சம் படியுங்கள்

சினிமா மட்டும் பார்த்துவிட்டுப் போனால் மேசையில் இருப்பவரிடம் வகாண்டாவை (பிளாக் பேந்தர் படத்தில் வரும் கற்பனை நாடு) தவிர வேறு பேச்சு வராது. நான் அப்படித்தான் முழித்தேன்.

ஒரே ஒரு கதை படிக்க நேரம் இருக்கிறது என்றால், கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் 1920இல் வெளியிட்ட 'தி காமெட்' (The Comet) என்ற வால்நட்சத்திரக் கதையைப் படியுங்கள். பதிப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வால்நட்சத்திரத்தின் நச்சு வாயுவில் நியூயார்க்கே செத்துக் கிடக்கிறது. மிஞ்சுவது ஒரு கறுப்பின ஆணும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும். ஊர் அழிந்த பிறகுதான் அவனை அவள் மனிதனாகப் பார்க்கிறாள். நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று நம்பவே முடியாது.

இன்னும் நேரம் இருந்தால் ஆக்டேவியா பட்லர். 1995இல், படைப்பாளிகளுக்குத் தரப்படும் பெரிய நிதியுதவியான மெக்ஆர்தர் நல்கை பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர். இன்னொரு அறிவியல் புனைகதை எழுத்தாளர் சாமுவேல் டிலேனி 1942இல் இதே ஹார்லெமில் பிறந்தவர். ஆனால் அவரிடமிருந்து தொடங்காதீர்கள், பயந்துவிடுவீர்கள். காமிக்ஸ் பக்கம் என்றால், 1993இல் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய மைல்ஸ்டோன் காமிக்ஸ் நிறுவனத்தைத் தெரிந்துவைத்திருங்கள். இன்று மேசை போட்டிருக்கும் பலர் அதைச் சின்ன வயதில் படித்தவர்கள்.

படி 3: ரயில் (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பென் ஸ்டேஷனில் இறங்கி, 34ஆம் தெருவில் மேல்நகரம் (அப்டவுன்) போகும் சப்வேயில் ஏற வேண்டும். 1, 2, 3 மூன்றும் ஒரே சிவப்பு வட்டத்தில்தான் எழுதியிருக்கும். சிவப்புதானே என்று முதலில் வந்த 1இல் ஏறிவிட்டேன். 96ஆம் தெரு வரைக்கும் மூன்றும் ஒரே வழி. அதற்குப் பிறகு 2ம் 3ம் கிழக்கே லெனாக்ஸ் அவென்யூவுக்குத் திரும்பிவிடும். 1 பிராட்வேயிலேயே போய்க்கொண்டிருக்கும். 137ஆம் தெரு என்று பலகையைப் பார்த்ததும், நான் போக வேண்டிய 135க்குப் பக்கம்தானே என்று சந்தோஷமாக இறங்கினேன். எண் பக்கம்தான், இடம் பக்கமில்லை. செயின்ட் நிக்கலஸ் பூங்காவின் செங்குத்தான படிகளில் இறங்கி, நீளமான தெருக்களைத் தாண்டி, கிட்டத்தட்ட ஒரு மைல் நடை. மகள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள்.

சரியான வழி: 2 அல்லது 3. எது முதலில் வந்தாலும் பரவாயில்லை. 34இலிருந்து ஏழாவது நிறுத்தம் 135ஆம் தெரு. மேலே ஏறி வந்தால் ஷாம்பர்க் கட்டடம் அந்த முனையிலேயே நிற்கும். எதிரில் ஹார்லெம் மருத்துவமனையின் கண்ணாடிச் சுவரில் 1930களின் சுவரோவியம் பிரமாண்டமாகத் தெரிந்தால் சரியான இடம்தான்.

தெருப் பெயரும் குழப்பும். முகவரியில் 515 மால்கம் எக்ஸ் பூல்வார்டு என்று இருக்கும். ஊர்க்காரர்கள் லெனாக்ஸ் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

படி 4: பையில் என்ன

சில்லறை நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பணம் வாங்குகிறவர்கள் உண்டு, ஆனால் கூட்டத்தில் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பின்னால் நாலு பேர் நிற்பார்கள்.

ஓவியப் பிரதி வாங்கும் எண்ணம் இருந்தால் அட்டைக்குழாய் வேண்டாம். பலரும் அதைத்தான் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது. சுருட்டிய தாள் வீட்டுக்கு வந்தும் சுருண்டே கிடக்கும், மூலையில் நாலு புத்தகத்தை ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். 11க்கு 17 அங்குலம் கொள்ளும் கெட்டி அட்டைக் கோப்பு ஒன்று வாங்கிவிடுங்கள். பெரும்பாலான பிரதிகள் அந்த அளவில்தான் வரும்.

படி 5: உள்ளே நுழைந்ததும்

எல்லோரும் நேரே மேசைகளுக்கு ஓடுவார்கள். தரையைக் கவனிக்காமல் ஓடாதீர்கள். கூடத்தில் நதிகளை வரைந்த வட்டமான தளம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி இருக்கிறது. அவருடைய நதிக் கவிதை 1921இல் வெளியான பத்திரிகைக்கு ஆசிரியர் யார் தெரியுமா? படி 2இல் சொன்ன அதே டுபாய்ஸ்.

அப்புறம், கலந்துரையாடல்களைவிட மேசைகளுக்கு முதலிடம் கொடுங்கள். இது என் கருத்து. மேடைப் பேச்சின் காணொளி பிறகு கிடைத்தாலும் கிடைக்கும், மேசைப் பேச்சு அன்றோடு போச்சு. "எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாத ஓவியரை நான் பார்த்ததில்லை.

ஒரு மேசையில் விண்வெளி வீராங்கனையின் படம். தலைக்கவசம் பின்பக்கம் பூசணிக்காய் மாதிரி புடைத்திருந்தது. ஏன் இப்படி என்று மகள் கேட்டாள். ஓவியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பின்னந்தலையில் குவித்துக் கட்டியிருந்த தன் சடைகளைத் தொட்டுக் காட்டினார். "படங்களில் வரும் தலைக்கவசம் எதிலும் இது நுழையாது. அதனால் நானே ஒன்று செய்தேன்" என்றார். ஆஃப்ரோஃபியூச்சரிசம் (கறுப்பின மக்களை மையமாக வைத்து எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் கலை) பற்றி நான் படித்த கட்டுரைகள் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அந்தச் சொல்லை 1990களில் உண்டாக்கிய விமர்சகர் மார்க் டெரி கேட்டதும் இதை ஒட்டிய கேள்விதான்: கடந்த காலத்தையே அழித்துவிட்டார்கள் என்றால், அந்த மக்கள் எதிர்காலத்தை எதைக்கொண்டு கற்பனை செய்வார்கள்?

புத்தகம் வாங்கினால் பெயர் எழுதிக் கையெழுத்து கேளுங்கள். நம் பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. என் மகளின் முதல் புத்தகத்தில் இருப்பது வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர்.

பின்சேர்க்கை 1: குழந்தைக்கு வேஷம் போட்டுக் கூட்டிப் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தாராளமாக. உடை, முகமூடி எல்லாம் சரி. ஆனால் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மை பூசுவோமே, அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். முகத்தில் கறுப்புப் பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை நாடகங்கள் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்தவை. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. பிள்ளை தன் நிறத்திலேயே கதாநாயகியாக வரட்டும். வேஷம் போட்டவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் நான் சொன்னபடி 135ஆம் தெருவில்தான் இறங்கியிருக்கிறார், ஆனாலும் ஷாம்பர்க்கைக் காணோம். அவர் வந்தது சி ரயிலில். 135ஆம் தெரு என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் உண்டு; சி நிற்பது செயின்ட் நிக்கலஸ் அவென்யூவில். அங்கே இறங்கிவிட்டால் பதற வேண்டாம், 135ஆம் தெருவிலேயே கிழக்கே பத்து நிமிஷம் நடந்தால் போதும். வார இறுதியில் பராமரிப்பு வேலைக்காக ரயில் வழிகளை மாற்றுவது இங்கே சகஜம். கிளம்பும் அன்று காலை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.